பந்தியில் உட்காராதவர்

எங்கள் பெரியப்பா பந்தி விசாரிக்கிற கல்யாணத்தில் யாரும் அரை வயிற்றோடு எழுந்தது கிடையாது. கரிக்கலாம்பாக்கத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் கல்யாணம் வைப்பவர்கள் மேளக்காரருக்குச் சொல்லும் முன்பே அவருக்குச் சொல்லிவிடுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, இடது தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, இலை வரிசையின் தலையிலிருந்து கடைக்கோடி வரை நடந்துகொண்டே இருப்பார். எந்த இலையில் கூட்டு தீர்ந்தது, எந்தக் கிழவருக்கு அப்பளத்தை நொறுக்கிப் போட வேண்டும், எந்தக் குழந்தை பாயசத்துக்காக அழப்போகிறது என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

"ஏம்பா, கோடி எலைக்கு ரசம் வரல. இன்னா வேடிக்க பாத்துகினு நிக்கற?" என்று பரிமாறுகிறவர்களை விரட்டுவார். சாப்பிடுகிறவர்களிடம் குரலே வேறு. "எலைய பாத்து சாப்டுங்க, பக்கத்து ஆள பாத்து சாப்டாதீங்க" என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டே போவார்.

யாராவது "நீங்களும் ஒக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தால், "நான் அப்பறம்" என்பார். அந்த இரண்டு சொல்தான். ஒருமுறை கொம்யூன் தலைவரான மேர் கல்யாணத்துக்கு வந்தார். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வந்தவர், பெரியப்பா உட்கார்ந்தால்தான் தானும் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தார். அவரிடமும் "நான் அப்பறம்"தான். கடைசிப் பந்தி எழுந்துவிடும், அண்டாவைக் கழுவிவிடுவார்கள், பந்தலில் நாய் படுத்துவிடும். அந்த அப்புறம் வரவே வராது. ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு "நான் அப்பறம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் மட்டும், அடுத்தவர் வயிறு நிறைந்தால் தன் வயிறு நிறைந்த மாதிரி நினைக்கிற மனசு என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவர் பந்தியில் உட்காராததற்குக் காரணம் அவருடைய இடது கன்னம். அது அந்த ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றால், அவருக்குச் சோறு போட்டது நான். பெரியம்மா பிள்ளை இல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். என் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்குப் பெரியப்பா மூத்தார் முறை. தம்பி மனைவி மூத்தார் எதிரே வந்து நிற்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. ஒரே வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் அம்மா அவர் முகத்தை நேராகப் பார்த்தவள் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "பெரியப்பாவ கேளு, கரும்பு வெட்டு ஆளுக்கு கூழா சோறா" என்பாள். அவர் அதே கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "ஒங்கம்மாகிட்ட சொல்லு, சோறுதான்" என்பார். நடுவில் நான். ஏழு வயதில் அந்த வேலைக்கு வந்தேன். கல்யாணம் ஆகும்வரை செய்தேன்.

அவர் இடது காதுக்குக் கீழே முதலில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. பொன்னுக்கு வீங்கி என்றார்கள். தங்கம் போட்டால் வடியும் என்று அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாள். மீசையும் முறுக்குமாக இருந்த மனிதர் கழுத்தில் பொம்பளைச் சங்கிலியோடு ஒரு மாதம் வயலுக்குப் போய்வந்தார். வீக்கம் வடியவில்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆனதும் வில்லியனூரில் ரயில் ஏறி, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளைக்கார டாக்டர் அறுத்து எடுத்துவிட்டார். காதுக்கு முன்னால் தொடங்கி, காதைச் சுற்றிக்கொண்டு கழுத்தில் இறங்கும் தழும்போடு திரும்பி வந்தார். "கன்னியாஸ்திரி அம்மாங்க ரொம்ப நல்லா பாத்துகினாங்க, ரொட்டிதான் தொண்டையில எறங்கல" என்று சொன்னதோடு சரி.

அந்தப் பக்கம் மரத்துப் போயிருந்தது. காது மடலில் சிவப்பெறும்பு கடித்து அப்பம் மாதிரி வீங்கியிருக்கும். அவர் பாட்டுக்கு வரப்பில் நின்று மடை திறந்துகொண்டிருப்பார். கடுக்கன் கழன்று எங்கேயோ விழுந்ததும் அவருக்குத் தெரியவில்லை. "காது மூளியா கெடக்குதே பெரிப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் கையால் தடவிப் பார்த்தார். சவரம் செய்கிறவர் கத்தி பட்டு ரத்தம் வந்தாலும் "இன்னா, முடிஞ்சுதா?" என்று கேட்பார்.

அந்தக் கன்னத்தில் வியர்வை உடனே வரவில்லை. அறுவை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மார்கழிக் காலை, எல்லோரும் போர்த்திக்கொண்டு திரிந்த நாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். காதுக்கு முன்னால், தழும்பை ஒட்டி, தோல் சிவந்தது. பிறகு முத்து முத்தாக நீர் கட்டியது. முத்துகள் ஒன்று சேர்ந்து தாடை வழியாக இறங்கி மோவாயிலிருந்து சொட்டின. வலது கன்னமும் நெற்றியும் கழுத்தும் காய்ந்து கிடந்தன. இடது கன்னம் மட்டும் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"பெரிப்பா, வேர்க்குது" என்றேன்.

"யாருக்கு?" என்றார்.

அவருக்குத் தெரியவில்லை. சொட்டு மார்பில் விழுந்த பிறகுதான் குனிந்து பார்த்தார்.

அன்று முதல் அது ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வந்தது. தயிர்ச் சோற்றுக்குக் கொஞ்சம். புளிக்குழம்புக்கு நிறைய. ஊறுகாய்க்குக் கேட்கவே வேண்டாம். வாயில் வைக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஜாடியைத் திறந்து மணம் வந்தாலே போதும். மாங்காய் காலத்தில் தெருவில் யாராவது மாங்காய் தின்றுகொண்டு போனால் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மறுபடி ரயில் ஏறி அதே டாக்டரைப் போய்ப் பார்த்தார். அங்கே நடந்ததை அவர் ஒரே ஒருமுறை, நெல் அறையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாதி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துச் சப்பச் சொன்னாராம். கன்னம் வியர்த்ததும் டாக்டர் கையைத் தட்டி மற்ற டாக்டர்களை எல்லாம் கூப்பிட்டாராம். அவர்கள் வந்து சுற்றி நின்றார்களாம். இன்னொரு எலுமிச்சம்பழம். இன்னும் நாலு பேர். ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்து, மூக்கில் வைத்து முகர்ந்தாராம்.

"கொரங்க வச்சி வித்த காட்டற மாதிரிடி" என்றார். "அவங்க பேசினத நம்ம பக்கத்து குமாஸ்தா ஒருத்தரு தமிழ்ல சொன்னாரு. எச்சி ஊறுற நரம்பு அறுந்துபோச்சாம். அது தானா வளந்து, வழி தெரியாம வேர்க்கிற எடத்துல போயி ஒட்டிகிச்சாம். வாயில ஊறவேண்டியது கன்னத்துல ஊறுதாம். வியாதி இல்லியாம், ஒட்டிக்காதாம். ஒன்னும் பண்ணவும் முடியாதாம்."

"வியாதி இல்லன்னா வுட்டுத் தள்ளுங்க பெரிப்பா."

"வியாதி இல்லன்னு நீ நம்புவ. ஊரு நம்புமா? ஒரு பக்கம் மட்டும் ஒழுவுதுன்னா என்னென்னா சொல்லுவான். ஒங்கம்மாவுக்குக்கூட தெரியக் கூடாது. பொம்பளப் புள்ள இருக்கிற வூடு இது."

அந்தப் பொம்பளப் புள்ள நான்தான். சரி என்றேன்.

அதற்குப் பிறகு அவர் சாப்பாடு நெல் அறைக்குப் போய்விட்டது. குதிருக்கும் சுவருக்கும் நடுவில், இடது பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து உட்காருவார். இடது கையில் துண்டைச் சுருட்டிக் கன்னத்தில் அழுத்திக்கொள்வார். பல் வலிக்காரர் மாதிரி இருக்கும். நாலு வாய்க்கு ஒருமுறை துண்டை எடுத்துவிட்டு, "வேர்க்குதா?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். "வேர்க்குது பெரிப்பா." மறுபடி அழுத்துவார். ருசித்துச் சாப்பிட்டார் என்று சொல்ல மாட்டேன். வேலையை முடிக்கிற மாதிரி முடித்துக்கொண்டு எழுவார். கல்யாண வீட்டில் அறுபது வகை பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டு வந்து, நெல் அறையில் உப்புப் போட்ட கஞ்சியைக் குடிப்பார். பார்க்கச் சகிக்காது. இருந்தாலும் பார்த்தேன், அது என் வேலை.

எனக்குப் பாகூரிலிருந்து சம்பந்தம் வந்தது.

ஏரிப் பாசனத்தில் நிலம், கரும்பு, ஒரே பையன். பையனை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். வில்லியனூர் தேரில் வடம் பிடித்தவர்களில் ஒருவன். கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு, வெயிலில் காய்ந்த மண்ணில் ஒரு காலால் நொண்டிக்கொண்டு ஓடினான். நான் சிரித்துவிட்டேன். அவன் திரும்பிப் பார்த்து, செருப்பு போட்ட காலைத் தூக்கிக் காட்டித் தானும் சிரித்தான். அவ்வளவுதான். ஆனால் சம்பந்தம் அங்கிருந்து வந்திருக்கிறது என்று தெரிந்த நாள் முதல் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். இப்போது சொல்ல வெட்கமில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். வீடு பிடித்திருந்தால் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறிவிடுவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதற்கப்புறம் யாரும் மாற்றிப் பேச முடியாது. பெண்ணின் அப்பா முதலில் சோற்றில் கை வைக்க வேண்டும். அவர் வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைக்கலாம். அப்பா இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பா கைதான் கை. அங்கே போய் "நான் அப்பறம்" என்று சொல்ல முடியாது.

ஒரு வாரம் இருந்தது. பெரியப்பா நெல் அறையில் பழகிப் பார்த்தார். பந்தி மாதிரியே தலைவாழை இலை போட்டு, ஓரத்தில் எலுமிச்சங்காய் ஊறுகாய் வைத்து, சோறும் குழம்பும் நான் பரிமாற வேண்டும். துண்டு இல்லாமல் சாப்பிட வேண்டும். முதல் நாள் ஊற்றியது. இரண்டாம் நாள், சவரம் செய்கிறவரிடம் படிகாரக் கட்டி வாங்கி வந்து, தண்ணீரில் நனைத்துக் கன்னம் முழுக்கத் தேய்த்துக்கொண்டார். தோல் வெளுத்துச் சுருங்கியது. வியர்வை கொஞ்சம் தாமதித்து வந்தது. மூன்றாம் நாள் இரண்டு தடவை தேய்த்தார். இன்னும் தாமதித்தது.

நான்காம் நாள் மூன்று தடவை தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊறுகாயை மோந்தார். சோற்றைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டார். கன்னம் காய்ந்திருந்தது. ஐந்தாம் வாயில் காதுக்கு முன்னால் ஒரு துளி புறப்பட்டது. அதன் பின்னால் இன்னொன்று.

"வேர்க்குதா?" என்றார்.

"அசையாதீங்க பெரிப்பா, ஈ ஒன்னு ஒக்காந்திருக்குது" என்று சொல்லி, புறங்கையால் கன்னத்தை வழித்துவிட்டேன். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டேன். "ஒரு சொட்டுகூட இல்ல."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இலையை மடித்தார்.

"அப்ப சரிடி. பாகூர்ல ஒக்காந்துடலாம்" என்றார்.

நான் சொன்ன பொய்களில் பெரியது அதுதான். அதற்கு முன்னும் பின்னும் சொன்னவை எல்லாம் கணக்கிலேயே வராது.

பாகூரில் நடந்ததை, கூடப் போன என் தாய்மாமா வந்து அம்மாவிடம் சொன்னார். கதவைப் பிடித்துக்கொண்டு நானும் கேட்டேன்.

"வூடு வாசல் எல்லாம் குத்தம் சொல்ல முடியாதுக்கா. மரியாதயா கூப்ட்டாங்க. ஓரமா சொவுரு பக்கம் ஒக்காரப் போனவர, நீங்க நடுவுல ஒக்காரணும்னு புடிச்சி ஒக்கார வச்சாங்க. எலை போட்டாச்சி. ஊறுகா வச்சாச்சி. சோறு போட்டாச்சி. எல்லாரும் இவரு கையையே பாத்துகினு இருக்கறோம். இவரு எலையையே பாத்துகினு இருக்காரு. கை எறங்கல. திடீர்னு எழுந்தாரு பாரு, வண்டிய பூட்டுன்னாரு! நாங்க இன்னா பண்ண முடியும், எழுந்துட்டோம். எங்க வூட்ல இன்னா கொற கண்டீங்கன்னு அந்த மனுஷன் வண்டி வரைக்கும் பின்னாலயே வந்து கேக்கறாரு. இவரு வாயே தொறக்கல."

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "எம் பொண்ணு இன்னா பாவம் பண்ணா?" என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு அழுதால் மூத்தாருக்குக் கேட்டுவிடும்.

நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நெல் அறைக்குப் போனேன். பெரியப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பேன். கேட்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, "பாகூர்ல வெயில் ஜாஸ்திடி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய காது மடல் மாதிரி எனக்குள்ளும் ஏதோ ஒரு இடம் மரத்துப் போயிற்று. கிள்ளினால் தெரியாது.

பெண் வீட்டார் எழுந்து வந்தார்கள் என்றால், பையன் வீட்டில் குறை என்றுதான் முதலில் பேசுவார்கள். நாள் போகப்போக, இந்தப் பெண் வீட்டாருக்கு எதுவும் பிடிக்காது என்று பேச்சு திரும்பிவிடும். ஒரு வருஷம் யாரும் வரவில்லை. பிறகு அரியூரிலிருந்து ஒருவர் கேட்டு வந்தார். மனைவி இறந்தவர், இரண்டு பிள்ளைகள், என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். பெரியப்பா போனார். இந்த முறை பழகிப் பார்க்கவில்லை. படிகாரக் கட்டி மாடத்திலேயே கிடந்தது. துண்டைக்கூட வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினாராம்.

மாமாதான் இதையும் வந்து சொன்னார். "நட்ட நடுவுல போயி அவரா ஒக்காந்தாருக்கா. முதல் ஆளா கைய வச்சாரு. ஒரு பக்கத்து கன்னம் தண்ணியா ஊத்துது. சட்டையெல்லாம் நனையுது. தொடைக்கல. ஊறுகாய கேட்டு வாங்கினாரு. ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினாரு. எல்லாம் பாத்துகினுதான் இருந்தாங்க. யாரும் ஒன்னும் கேக்கல. அவங்களுக்கு பொண்ணு வேணும்."

நான் வேண்டிய வீட்டில் எழுந்து வந்தார். வேண்டாத வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். மாமா இதைச் சொன்னபோது நான் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். அரைத்து முடித்து, வழித்து எடுத்து, அம்மியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அரியூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிறைவும் இல்லை. வீட்டுக்காரர் அடிக்கிற மனிதர் இல்லை. பேசுகிற மனிதரும் இல்லை. பிள்ளைகள் என்னைச் சின்னம்மா என்று கூப்பிட்டார்கள். வருஷா வருஷம் பொங்கலுக்குப் பெரியப்பா கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். நான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குச் சோறு போடுவேன். அவர் இடது பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து உட்காருவார். "வேர்க்குதா?" "வேர்க்குது பெரிப்பா." எங்களுக்குள் வேறு பேச்சு அதிகம் கிடையாது.

நாலைந்து வருஷம் கழித்து, வில்லியனூர் சந்தையில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தினாள். பாகூர்க்காரி. அந்தப் பையனின் அம்மா.

"நீ கரிக்கலாம்பாக்கத்துப் பொண்ணுதானே? தேர்ல காட்டினாங்க ஒன்ன" என்றாள். அவளிடம் கோபம் இல்லை. பேரன் பிறந்திருப்பதைச் சொன்னாள். பிறகு கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "அத்த வுடு. ஒங்க பெரியப்பாரு ஏம்மா அன்னிக்கி அப்பிடி பூட்டாரு? பாவம், எலையில ஒக்காந்ததும் அவருக்கு வேர்த்து ஊத்துச்சு. புழுக்கத்துல இருக்காரு போலன்னு விசிறி எடுக்க உள்ள போனேன். விசிறி பரண்மேல கெடந்துச்சு. எட்டி எடுத்துகினு வரதுக்குள்ள எலை காலி."

"நீங்க பாத்தீங்களா, வேர்த்தத?"

"கண்ணு இருக்குதே, பாக்காம? வேர்க்கறது இன்னா கொலக் குத்தமாம்மா? இன்னும் கொஞ்ச நேரம் ஒக்காந்திருந்தா நான் வீசிவுட்டிருப்பேன்."

கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குழம்பு வைத்தேன்.

அந்தப் பொங்கலுக்குப் பெரியப்பா வந்தபோது இலை போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். எனக்குள் கொஞ்சம் விஷம் இருந்தது, அதுதான் சொல்லவைத்தது.

"விசிறியா?" என்றார்.

"ஆமா, விசிறி."

"பரண்லயா வச்சிருந்தாங்க?"

"ஆமா."

அடுப்பில் ஒன்றும் இல்லை. அவர் முன்னால் இலையும் இல்லை, சோறும் இல்லை. அந்தப் பாகூர் இலையும் அதன் ஓரத்து ஊறுகாயும் அவர் நினைப்பில் வந்திருக்க வேண்டும். கண் இரண்டும் காய்ந்திருந்தன. இடது கன்னம் மட்டும் வியர்க்கத் தொடங்கியது.

"நான் எழுந்து வந்தா, நாம அவங்கள வேணாம்னதா ஆவும்" என்றார். "ஒக்காந்திருந்து, அவங்க பாத்துட்டு இது இன்னா வியாதின்னு கேட்டா, அவங்க ஒன்ன வேணாம்னதா ஆவும். வேணாம்னு சொன்ன பொண்ண அப்பறம் எவன் கேட்டு வருவான்? எலையில சொட்டு வுழுந்தத பாத்ததும் அது ஒன்னுதாண்டி தோணுச்சு."

எனக்கு இருந்த கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "பெரிப்பா, அன்னிக்கி நெல் அறையில ஈ இல்ல" என்றேன்.

"தெரியும்டி."

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். தோலுதான் மரத்துப் போச்சு, காது கேக்குதில்ல? காதுகிட்ட ஈ வந்தா சத்தம் வராதா?"

"தெரிஞ்சும் ஏன் போனீங்க?"

"நீ பொய் சொல்ற பொண்ணு இல்ல. பொய் சொல்ற அளவுக்கு அந்த வூட்டு மேல ஆசையா இருக்கியேன்னு போனேன்."

அடுக்களையில் வேறு யாரும் இல்லை. கூடத்தில் பிள்ளைகள் கரும்பு கடித்துத் துப்பும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வேர்க்குதா?" என்று கேட்டார்.

"வேர்க்குது பெரிப்பா."

"தொடச்சி வுடு."

அதற்கு முன் அவர் அப்படிக் கேட்டதில்லை. முந்தானையால் துடைத்துவிட்டேன். காதுக்கு முன்னால் தொடங்கி, தழும்பின் மேலாகவே இறங்கி, தாடை வரைக்கும் துடைத்தேன். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"தொடச்சிட்டியா?" என்றார்.

"தொடச்சிட்டேன்."

அவருக்கு அது தெரிந்திருக்காது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சித்திரை மாதத்தில் ஆள் வந்து சொன்னான். வண்டி கட்டிக்கொண்டு போனேன். குளிப்பாட்டிப் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. அவர் கையால் சாப்பிட்டவர்கள்தான் எல்லோரும். ஆண்கள் சுற்றி வந்து வாய்க்கரிசி போட்டு முடித்ததும் பெண்களைக் கூப்பிட்டார்கள். அம்மாகூட அன்று கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, முதல்முறையாக மூத்தாரின் முகத்தை நேராகப் பார்த்து அரிசி போட்டாள். இத்தனை பேருக்கு நடுவில் அவர் வாயில் ஒரு பிடி அரிசி விழுவது அன்றைக்குத்தான். நான் அப்பறம் என்று சொல்ல அவரால் முடியவில்லை.

என் முறை வந்தது. மூன்று தரம் போட்டேன். போட்டுவிட்டு, பழக்கத்தில் கண் இடது கன்னத்துக்குப் போனது. என் முந்தானை தானாகவே என் கையில் சுருண்டிருந்தது. காதுக்கு முன்னால் பார்த்தேன். தழும்பை ஒட்டிப் பார்த்தேன். நின்று பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள்.

குனிந்து, அவர் காதருகில் சொன்னேன்.

"வேர்க்கல பெரிப்பா."